விலையைக் கிலோவில் சொல்லுங்கள்

நம் இதழ் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது மார்க்கெட் நிலவரப் பக்கத்தைத்தான். மல்லி 40 கிலோ மூட்டை இன்ன விலை, நிலக்கடலைப் பருப்பு 80 கிலோ மூட்டை இன்ன விலை, பருப்பு வகை 100 கிலோ இன்ன விலை, கடலை எண்ணெய் 15 கிலோ டின் இன்ன விலை என்று ஒரே பக்கத்தில் நாலு அளவு வந்துவிடுகிறது. விருதுநகர் நிலவரத்தைப் பார்த்தாலும் இதே முறைதான். வெல்லம் என்று போனால் சித்தோட்டில் 30 கிலோ மூட்டை. நாட்டுச் சர்க்கரை என்றால் கவுந்தப்பாடியில் 60 கிலோ மூட்டை. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கிறார்கள். விலையை அறிவிப்பது குவிண்டாலுக்கு. கரும்புக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு விலை சொல்கிறது. நம் விவசாயி டன்னுக்குப் பேசுகிறார். லாரி வாடகை டன்னுக்கு, சுமை கூலி மூட்டைக்கு, கடையில் விற்பது கிலோவுக்கும் 100 கிராமுக்கும்.

இதெல்லாம் மெட்ரிக் அளவுதானே, பத்தால் பெருக்கு, நூறால் வகு, அதோடு தீர்ந்தது, இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கணக்கு எளிது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எளிது என்பதாலேயே யாரும் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை. மனக்கணக்காகவே கொள்முதல் முடிகிறது. மனக்கணக்காகவே விற்பனை விலையும் எழுதப்படுகிறது. இன்றைய மளிகை வியாபாரத்தில் கிலோவுக்கு 50 பைசா, 1 ரூபாய் நிற்பதே பெரிது. அந்த 50 பைசா எங்கே கரைகிறது என்று தேடினால், பாதிக்கு மேல் இந்த அளவு மாற்றத்தில்தான் கரைகிறது என்பது என் அனுபவம். ஆகவே மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தங்களுக்குள் பேசும் விலையை, நிகர எடையில், ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்வதை நம் சங்கம் வழக்கமாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். குவிண்டாலும் மூட்டையும் இருக்கட்டும். அவற்றின் பக்கத்தில் கிலோ விலையும் இருக்க வேண்டும்.

மெட்ரிக் முறை நம் நாட்டுக்கு ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு சென்னை ராஜதானியில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி என்று கணக்கு. வீசை என்பது 120 தோலா. இன்றைய கணக்கில் சுமார் 1 கிலோ 400 கிராம். நம் சேர் 24 தோலா, அதாவது ஏறக்குறைய 280 கிராம். வடக்கே சேர் என்றால் 80 தோலா, 933 கிராம். பெயர் ஒன்று, எடை மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். மணங்கும் அப்படித்தான். நம்மூர் மணங்கு 11 கிலோ சொச்சம். வடநாட்டு மணங்கு 37 கிலோ 324 கிராம். கடுகும் பருப்பும் வடக்கிலிருந்து வரவழைத்த அந்தக் காலத்து வியாபாரிகள், எந்த ஊர் மணங்கு என்று கேட்காமல் விலை பேசியிருக்க முடியாது. கணக்குப்பிள்ளைகளிடம் இதற்கெல்லாம் குறுக்கு வழிகள் இருந்தன. 40 சேர் மணங்கு எத்தனை ரூபாயோ, இரண்டரை சேர் அத்தனை அணா என்பது அதில் ஒன்று. போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

1956-ல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை படிப்படியாகத் தொடங்கி, 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. பெயர் ஒன்றாக இருந்தால் எடையும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பயன். அந்தப் பயனை நாம் மூட்டை, சிப்பம், டின் என்ற பெயர்களால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மல்லிக்கு மூட்டை 40 கிலோ, கடலைப் பருப்புக்கு 80, வெல்லத்துக்கு 30. பழைய மணங்கு வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

குவிண்டாலில் அப்படி ஒன்றும் குழப்பம் இல்லை. குவிண்டால் 100 கிலோ. 10 குவிண்டால் ஒரு டன். குவிண்டால் எத்தனை ரூபாயோ, கிலோ அத்தனை பைசா. குவிண்டால் 9,250 ரூபாய் என்றால் கிலோ 9,250 பைசா, அதாவது ரூ.92.50. பென்சில் கூட வேண்டாம். அதே மாதிரி கிலோ எத்தனை ரூபாயோ, 10 கிராம் அத்தனை பைசா. ஏலக்காய் கிலோ 2,800 என்றால் 10 கிராம் 28 ரூபாய். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் கிலோவுக்கு ஒரு ரூபாய். இந்த மூன்றையும் கடைப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். பள்ளியில் டெசிகிராம், டெகாகிராம், ஹெக்டோகிராம் என்று ஏணிப்படி மாதிரி மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த நடுப்படிகளை வியாபாரத்தில் யாரும் மிதிப்பதில்லை. நமக்கு வேண்டியது கிராம், கிலோ, குவிண்டால், டன் ஆகிய நாலும்தான். அந்த நாலுக்குள் எத்தனை சைபர் தாண்ட வேண்டும் என்பது விரலில் இருந்தால் சரி.

சிக்கல் மூட்டையில் ஆரம்பிக்கிறது. ஓர் உதாரணம். ஒரு தரகர் மல்லி மூட்டை 4,400 என்கிறார். இன்னொருவர் குவிண்டால் 10,800 என்கிறார். முதலாவது மூட்டை 40 கிலோ, ஆகக் கிலோ 110 ரூபாய். இரண்டாவது கிலோ 108. காதில் விழும்போது 4,400 சின்ன எண், 10,800 பெரிய எண். போனில் பேசிக்கொண்டே கல்லாவில் பணம் வாங்குகிறவருக்குச் சின்ன எண்தான் சாதகமாகப் படும். தரகர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. விலை இரண்டு பாஷையில் சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

2022 ஜூலை 18-ஆம் தேதி முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வந்தது நினைவிருக்கும். அதன் பிறகு அரிசி ஆலைகள் பல 26 கிலோ மூட்டைக்கு மாறின. வரி பற்றிய நியாய அநியாயம் வேறு கட்டுரைக்கு உரியது. அளவு விஷயத்தில் நடந்ததைப் பார்ப்போம். வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, கடைக்காரர்களும் இன்றும் பேச்சில் ‘இருபத்தஞ்சு கிலோ மூட்டை’ என்றுதான் சொல்கிறார்கள். இருப்புப் புத்தகத்தில் 200 மூட்டை என்று மட்டும் எழுதியிருந்தால், 25 கிலோ கணக்கில் 5,000 கிலோ, 26 கிலோ கணக்கில் 5,200 கிலோ. வித்தியாசம் 2 குவிண்டால். கிலோ 52 ரூபாய் அரிசி என்றால் 10,400 ரூபாய். பழைய 25-ம் புதிய 26-ம் ஒரே அடுக்கில் கலந்து கிடக்கும் கிடங்குகளை நான் பார்த்திருக்கிறேன். வருஷக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது மூட்டையை எண்ணிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். விலை ஒப்பிடுவதிலும் இதே கதைதான். 25 கிலோ 1,300, 26 கிலோ 1,340 என்று இருந்தால் இரண்டாவது 40 ரூபாய் கூடுதல் என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். கிலோவுக்கு முதலாவது ரூ.52, இரண்டாவது ரூ.51.54. மலிவான சரக்கு விற்காமல் நிற்கிறது.

அடுத்தது சாக்கு. 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கின் எடை சுமார் 580 கிராம். சாக்கோடு 50 கிலோ என்று நிறுத்து வாங்கினால், உள்ளே இருக்கும் சரக்கு 49 கிலோ 420 கிராம்தான். கிலோ 60 ரூபாய்ச் சரக்கு என்றால் மூட்டைக்கு ரூ.34.80. நூறு மூட்டைக்கு 58 கிலோ, ரூ.3,480. பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகு இந்தக் கழிவு மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் சணல் சாக்கில் வரும் சரக்கு இன்றும் உண்டு. மிளகாய் வற்றல், புளி, வெல்லம் போன்றவற்றுக்குப் பாய், ஓலை, பெட்டி என்று கட்டுமானம் வேறு சேரும். மொத்த எடையா, நிகர எடையா என்று ரசீதில் எழுதாமல் ‘50 கிலோ’ என்று மட்டும் எழுதும் வழக்கத்தை மொத்த வியாபாரிகளாகிய நாங்கள்தான் முதலில் விட வேண்டும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. சாக்குக் கழிவைத் தெளிவாகக் கழித்து, அதற்கேற்ற விலை சொல்கிற மண்டிக்காரரிடம் சில்லறை வியாபாரி மறுபடி வருவார்.

அடக்க விலை போடும் இடத்துக்கு வருவோம். துவரம் பருப்பு குவிண்டால் 9,400 என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை டன்னுக்கு 1,600. ஏற்றி இறக்கும் கூலி 50 கிலோ மூட்டைக்கு 14 ரூபாய். தரகு ஒரு சதவீதம். நாலும் நாலு விதமான அளவு. பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? ‘தொண்ணூத்தி நாலு, மேல்செலவு ரெண்டு ரூபா, தொண்ணூத்தாறு அடக்கம், தொண்ணூத்தேழுக்குப் போடு’ என்று முடித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சரக்கு ரூ.94.00. வாடகை ரூ.1.60. கூலி 28 பைசா. தரகு 94 பைசா. கூட்டினால் ரூ.96.82. கடையில் நிறுத்துக் கொடுப்பதில், சிந்துவதில், ஈரம் காய்வதில் அரை சதவீதம் போகும் என்று வைத்தால் ரூ.97.31 ஆகிறது. 97-க்கு விற்றவருக்குக் கிலோவுக்கு 31 பைசா கைநஷ்டம். பத்துக் குவிண்டால் விற்றால் 310 ரூபாய் போயிற்று. கடை வாடகையும் மின் கட்டணமும் இன்னும் கணக்கில் வரவில்லை. சரக்கு நன்றாக ஓடுகிறது, கல்லாவில்தான் ஒன்றும் தங்கவில்லை என்று வருத்தப்படும் தம்பிமார்கள் ஒரு நாள் உட்கார்ந்து இப்படிப் பத்துச் சரக்குக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இனி புள்ளி விவகாரம். மெட்ரிக் முறையில் தப்பு நேர்ந்தால் சின்னத் தப்பாக நேராது. பத்து மடங்கு, நூறு மடங்கு என்றுதான் நேரும். 1 கிலோ 50 கிராம் என்பதை 1.050 என்று எழுத வேண்டும். பலர் 1.50 என்று எழுதுகிறார்கள். ரூபாய் பைசா எழுதிப் பழகிய கை. படிக்கிறவர் அதை ஒன்றரைக் கிலோ என்று எடுத்துக்கொள்வார். 450 கிராம் போயிற்று. டன்னில் இதே தப்பு வந்தால் 12 டன் 50 கிலோ 12.5 டன் ஆகிவிடும். 450 கிலோ, கிலோ 90 ரூபாய்ச் சரக்கில் 40,500 ரூபாய். எடை எழுதும்போது புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் எப்போதும் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் இந்தத் தப்பு அநேகமாக ஒழிந்துவிடும். கிலோவில் எழுதினால் கடைசி மூன்று இலக்கம் கிராம். டன்னில் எழுதினால் கடைசி மூன்று இலக்கம் கிலோ. போனில் சொல்லும்போது ‘ஒண்ணு ஐம்பது’ என்று சொல்லாமல் ‘ஒரு கிலோ ஐம்பது கிராம்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை அதிகம் பேசுவதால் யாருக்கும் செலவில்லை.

கம்ப்யூட்டர் பில் வந்த பிறகு இந்தத் தொல்லை குறையும் என்று நினைத்தோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, ஒவ்வொரு சரக்குக்கும் அளவின் குறியீடு போட வேண்டும் என்றானது. கிலோ, குவிண்டால், டன், கிராம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு. அதில் மெட்ரிக் டன்னுக்கு எம்.டி.எஸ்.; மீட்டருக்கு எம்.டி.ஆர். ஓர் எழுத்து மாறினால் பருப்பு துணியாகிவிடும். எனக்குத் தெரிந்த பக்கத்து ஊர் வியாபாரி ஒருவர், 2,500 கிலோ சரக்கைச் சின்ன வண்டியில் அனுப்பினார். கணக்கு எழுதும் பெண் 2,500 என்று சரியாகத்தான் அடித்தாள். அளவு மட்டும், முன்பு போட்ட பில்லில் இருந்த குவிண்டாலிலேயே நின்றுவிட்டது. இ-வே பில்லின்படி அந்தச் சின்ன வண்டியில் 250 டன் சரக்கு! வழியில் நிறுத்தினார்கள். பார்த்தாலே தெரியும் தப்புதான் என்றாலும், தாளில் இருப்பது தாளில் இருப்பதுதான். விளக்கம் எழுதிக் கொடுத்து வண்டி கிளம்ப ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இத்தகைய இடத்தில் எல்லாச் சரக்குக்கும் கிலோ ஒன்றையே அளவாக வைத்துக்கொண்டால், மாற்ற வேண்டிய வேலையே இல்லை. கிலோவின் குறியீட்டில் பன்மைக்கு எஸ் சேர்ப்பது எடையளவுச் சட்டத்தின்படி சரியான குறியீடு ஆகாது. பொட்டலத்தின் மேல் அப்படி அச்சிடக்கூடாது. ஜி.எஸ்.டி. தளத்திலோ கிலோவின் குறியீடே எஸ் சேர்த்து கே.ஜி.எஸ். என்றுதான் இருக்கிறது! ஒரு துறைக்கு ஒரு பாடம். நாம் இரண்டையும் அறிந்து வைத்திருக்க வேண்டியதுதான்.

எலக்ட்ரானிக் தராசு பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மளிகைக் கடைகளில் இருப்பது 30 கிலோ வரை நிறுக்கும், 5 கிராம் பிரிவுள்ள தராசு. அதன் தகட்டில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அதிகபட்சத்தை எல்லோரும் பார்க்கிறோம், குறைந்தபட்சத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த வகைத் தராசுக்குக் குறைந்தபட்சம் என்பது பிரிவைப் போல 20 மடங்கு, அதாவது 100 கிராம். அதற்குக் கீழே அந்தத் தராசை நம்பி நிறுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். நாமோ அதில்தான் 25 கிராம் ஏலக்காயும் கிராம்பும் நிறுக்கிறோம். திரையில் 0.025 என்று காட்டும்போது தட்டில் இருப்பது இருபத்திரண்டரைக் கிராமாகவும் இருக்கலாம், இருபத்தேழரையாகவும் இருக்கலாம். கிலோ 2,800 ரூபாய் ஏலக்காயில் ஒரு கிராம் ரூ.2.80. இரண்டரைக் கிராமுக்கு 7 ரூபாய். எழுபது ரூபாய் விற்பனையில் 7 ரூபாய் அங்கேயோ இங்கேயோ போகிறது. பருப்பு விற்பனையில் 50 பைசாவுக்கு மல்லாடுகிற நாம் இதைக் கவனிப்பதில்லை. விலை உயர்ந்த வாசனைச் சரக்குக்குத் தனியாக ஒரு சின்னத் தராசு, ஒரு கிராமோ அதற்கும் குறைந்த பிரிவோ உள்ளது, முத்திரை போட்டு வைத்துக்கொள்வது நல்லது. குங்குமப் பூ விற்கிறவர்கள் அதற்கும் நுட்பமான தராசு வாங்க வேண்டும். திரையில் 0.250-ஐயும் 0.025-ஐயும் மாற்றிப் படிக்கும் புதுப் பையன்களுக்கு, கால் கிலோ எந்த எண், 25 கிராம் எந்த எண் என்று ஒரு அட்டையில் எழுதி எதிரே ஒட்டிவிட்டால் நாலே நாளில் பழகிவிடும்.

கிலோ என்ற அளவே அதிசயமானதுதான். 1889 முதல் பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் பிளாட்டினம்-இரிடியம் கலந்த ஓர் உருளையை வைத்து, இதுதான் ஒரு கிலோ என்று உலகமே ஏற்றுக்கொண்டிருந்தது. அதன் நகல்களில் 57-ஆம் எண்ணுள்ளது நம் நாட்டுக்கு வந்து, புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நம் கடைக் கல்லுக்கு அதனால் ஒரு குந்துமணி மாற்றமும் இல்லை.

எண்ணெய் டின் பக்கம் வந்தால் குழப்பம் இரட்டிப்பு. 15 கிலோ டின் ஒன்று, 15 லிட்டர் டின் ஒன்று. பார்வைக்கு இரண்டும் டின். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அப்படியானால் 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின் 2,250 ரூபாய், 15 லிட்டர் டின் 2,100 ரூபாய் என்று இருந்தால், 150 ரூபாய் மிச்சம் என்று லிட்டர் டின்னை எடுப்பவர் அதிகம். கிலோவுக்குப் போட்டால் முதலாவது ரூ.150, இரண்டாவது ரூ.153.85. இதைத் தெரிந்துகொண்டு லிட்டரில் விற்கிறவர் லிட்டர் டின் வாங்கட்டும், தப்பில்லை. தெரியாமல் வாங்கிக் கிலோவில் விற்கிறவர் கதிதான் கஷ்டம். எண்ணெய் சூட்டில் விரியும். ஆகவே ஒரே லிட்டர், சூடு கூடினால் எடை குறையும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். பாக்கெட்டில் 60 டிகிரி என்று போட்டு அளவு எழுதும் வழக்கம் சில கம்பெனிகளிடம் இருந்தது. அப்படி எழுதினால் லிட்டரும் சரியாக இருக்கும், எண்ணெயும் குறைவாக இருக்கும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, சூட்டின் அளவைக் குறிப்பிடாமல் எடையையும் சேர்த்துப் போட வேண்டும் என்று உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. எனவே பாக்கெட்டில் லிட்டரைப் பார்ப்பதை விட்டு, பக்கத்தில் இருக்கும் கிராமைப் பார்த்து வாங்குங்கள்.

பொட்டலச் சரக்கில் 2021 நவம்பரில் வெளியான திருத்த விதிகள் இரண்டு காரியம் செய்தன. டீத்தூள், பிஸ்கட் போன்ற சில சரக்குகள் இன்ன இன்ன எடையில்தான் வர வேண்டும் என்றிருந்த அட்டவணை எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு அலகின் விலை என்ன என்று பொட்டலத்தின் மேல் போட வேண்டும் என்று வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்டதற்குக் கிலோ விலை, ஒரு கிலோவுக்குக் குறைந்ததற்குக் கிராம் விலை, பைசாவுக்கு முழுமையாக்கி. நோக்கம் நல்லது. கிராம் விலை என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. கிராம் 12 பைசா என்று போட்டிருந்தால், உண்மையில் அது பதினொன்றரைப் பைசாவிலிருந்து பன்னிரண்டரைப் பைசா வரை எதுவாகவும் இருக்கலாம். கிலோவுக்கு மாற்றினால் 115 ரூபாயும் 12 பைசாதான், 124 ரூபாயும் 12 பைசாதான். ஒன்பது ரூபாய் வித்தியாசத்தைச் சட்டமே மறைத்துவிடுகிறது. உப்பு மாதிரி மலிவுச் சரக்கில் இன்னும் வேடிக்கை. அரைக் கிலோ உப்பு 8 ரூபாய்க்கு விற்றாலும் கிராம் 2 பைசா, 12 ரூபாய்க்கு விற்றாலும் கிராம் 2 பைசா! கிலோவுக்கு 16 ரூபாயும் 24 ரூபாயும் ஒன்றாகத் தெரிகிறது. 850 கிராம் பொட்டலத்தையும் ஒரு கிலோ பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றில் பைசாவும் மற்றதில் ரூபாயும் போட்டிருந்தால், எந்தத் தாய்மார் ஒப்பிட்டுப் பார்ப்பார்? எல்லாவற்றுக்கும் கிலோ விலை என்று ஒரே வரியில் முடிக்க வேண்டிய விஷயம். நம் மாநில அளவிலான வணிகர் அமைப்புகள் மத்திய நுகர்வோர் துறைக்கு இதை எழுதலாம். அதுவரை, அலமாரியில் விலைச் சீட்டு ஒட்டும் கடைக்காரர்கள் தாங்களாகவே கிலோ விலையைப் போட்டு ஒட்டத் தடை எதுவும் இல்லை. பெரிய கடைகளோடு போட்டி போட நம்மிடம் இருக்கும் ஆயுதம் நம்பகம்தானே.

கிலோ விலையே பேசுவோம் என்றால், தலைமுறையாக மூட்டையில் பேசுகிறோம், தரகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் குவிண்டாலில்தான் ஏலம் போகிறது என்று சொல்வார்கள். ஏலம் குவிண்டாலிலேயே போகட்டும். குவிண்டால் ரூபாய் கிலோ பைசாவாக அப்படியே மாறுகிறது என்று மேலே சொன்னேன். தரகர்களுக்கு இதில் நஷ்டம் ஏதும் இல்லை. கிலோவில் சொன்னால் 10 பைசா, 20 பைசா பேரம் பேசுவார்கள் என்று பயப்படும் மண்டிக்காரர்களும் உண்டு. பேசட்டுமே. மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்தேன் என்று பெருமையாகச் சொல்வதும், 80 கிலோ மூட்டைக்குக் கிலோவுக்குப் பன்னிரண்டரைப் பைசா குறைத்தேன் என்பதும் ஒன்றுதான். வாங்குகிறவருக்கு அது தெரியக்கூடாது என்று நினைப்பதில் நியாயம் இல்லை.

சங்க நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த இதழ் முதல் மார்க்கெட் நிலவரப் பக்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே கிலோ விலை என்று ஒரு பத்தியைச் சேர்த்து அச்சிட வேண்டும். இடம் போதாவிட்டால் விளம்பரத்தில் கால் பக்கம் குறைத்துக்கொள்ளலாம். என் கடை விளம்பரத்தையே குறைத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரிகள் ரசீதில் மூட்டை எண்ணிக்கைக்கு ஒரு பத்தி, நிகர எடை கிலோவில் மூன்று தசமத்தோடு ஒரு பத்தி, கிலோ விலை ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ள ஒரு மாதிரி ரசீதைச் சங்கமே அச்சடித்துக் கொடுக்கலாம். என் கடையில் வரும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புது ரசீதுப் புத்தகம் போடும்போது அப்படித்தான் போடப்போகிறேன். மாதிரி வேண்டுவோர் கடைக்கு வந்து ஒரு தாள் கிழித்துக்கொண்டு போகலாம்.